அப்பாவுக்குச் சாப்பாடு

அம்பத்தூர் எஸ்டேட்டின் கடைசிச் சந்தில் இருந்த ரப்பர் கம்பெனியில், வாசலை ஒட்டிய சுவரில் எட்டு ஆணிகள். ஒவ்வோர் ஆணியிலும் ஒரு டிபன் கேரியர் தொங்கியது. எட்டும் காலி. அவற்றில் ஒருநாளும் சோறு இருந்ததில்லை.

வாட்ச்மேன் வேலுசாமி கேட்டில் தடியால் இரண்டு முறை தட்டினால் ஃபேக்டரி இன்ஸ்பெக்டரின் ஜீப் சந்துக்குள் திரும்பிவிட்டது என்று அர்த்தம். ரப்பர் வாஷர்களில் பிசிறு வெட்டுகிற பிள்ளைகள் பிளேடைப் போட்டுவிட்டு, ஆளுக்கொரு கேரியரை எடுத்துக்கொண்டு, பின்பக்கச் சந்துக்குப் போய்விட வேண்டும். யாராவது கேட்டால், "அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டாந்தோம்" என்று சொல்ல வேண்டும். சூப்பர்வைசர் பாஸ்கரன் சேர்ந்த அன்றே இதைச் சொல்லிக்கொடுத்துவிடுவான். பிளேடு பிடிக்கச் சொல்லிக்கொடுப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஜெயகுமாரி பத்து வயதில் இதைக் கற்றுக்கொண்டாள். இப்போது பன்னிரண்டு. இந்த இரண்டு வருஷத்தில் ஐந்து தடவை கேரியரோடு வெளியே போய் நின்றிருக்கிறாள். அவளுடைய அப்பா இறந்து நான்கு வருஷம் ஆகிறது.

தொண்ணூற்றொன்று ஜூலையில், ஒரு புதன்கிழமை காலை, ஒன்பதாவது ஆணி அடித்தார்கள். அது அவள் தங்கை ஸ்டெல்லாவுக்கு.

விரல் நுனி அளவு வாஷருக்கு ஆர்டர் வந்திருந்தது. பெரிய கைக்கு அகப்படவில்லை. "சின்ன வெரலு வேணும் சகாயம், உன் சின்னவள இட்டுகினு வா" என்று பாஸ்கரன் மூன்று நாளாக நச்சரித்தான். அம்மா சகாயம்மாள் அதே ஷெட்டில் ரப்பரை அச்சில் அழுத்தும் பிரஸ்ஸில் நிற்கிறவள். மூன்று நாள் காதில் விழாதது போல இருந்தாள். நான்காம் நாள் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

"ஒரு வாரந்தாண்டி" என்றாள் வழியில்.

"என்னியும் அப்டித்தான் சொல்லி இட்டாந்த."

அம்மா வேகமாக நடந்தாள்.

பெஞ்சில் ஜெயகுமாரி தங்கைக்குப் பிளேடு கொடுக்கவில்லை. வாஷர்களைப் பத்துப் பத்தாக அடுக்கச் சொன்னாள். பாஸ்கரன் பார்த்துவிட்டான்.

"இன்னாம்மே, தங்கச்சி இன்னா கலெக்டரா? பிளேடு புடிக்காதா?"

"கைய அறுத்துக்குவாண்ணா."

"அறுத்துகினாத்தான் தொழிலு வரும். நீ எத்தினி தபா அறுத்துகின?"

பாதி பிளேடு ஒன்றை, சைக்கிள் டியூப் சுற்றியதை, அவனே ஸ்டெல்லாவின் கையில் வைத்தான். பிறகு ஒன்பதாவது ஆணியைக் காட்டிப் பாடம் சொன்னான். யார் கேட்டாலும் அப்பாவுக்குச் சாப்பாடு. ஸ்டெல்லா கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

"எந்த அப்பாவுக்கு?" என்றாள்.

பிள்ளைகள் சிரித்தார்கள். ஜெயகுமாரி சிரிக்கவில்லை.

பதினொரு மணிக்குக் கேட்டில் தடி இரண்டு முறை தட்டியது. பிளேடுகள் பெஞ்சில் விழுந்தன. ஏழு பேர் கேரியர்களோடு பின்வாசலுக்கு ஓடினார்கள். ஸ்டெல்லாவும் எழுந்து போய்த் தன் கேரியரை எடுத்தாள். கனமில்லாததால் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள்.

ஜெயகுமாரி அதைத் தங்கையின் கையிலிருந்து வாங்கி ஆணியில் மாட்டினாள். அவளை இழுத்து வந்து பெஞ்சில் உட்காரவைத்தாள். பக்கத்தில் தானும் உட்கார்ந்து பிளேடை எடுத்தாள்.

"ஏய், எய்ந்திரு" என்றான் பாஸ்கரன்.

"நா வரல."

"வெளாடாத. ஜீப்பு உள்ள வந்துகினு கீது."

"வரட்டும்."

அவன் அவள் தோளைப் பிடித்து இழுத்தான். பெஞ்சு தரையில் போல்ட் போட்டு இறுக்கியது. அவள் அதன் காலில் தன் காலைப் பின்னிக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் வாசலில் செருப்பைத் தட்டும் சத்தம் கேட்டதும் அவன் கையை எடுத்துவிட்டுச் சிரித்தான்.

"வாங்க சார். நம்ம சகாயத்தோட பொண்ணுங்க. அவங்க அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டாந்துச்சுங்க."

இன்ஸ்பெக்டர் புதியவர். காலரில் கர்சீப் செருகியிருந்தார். பெஞ்சையும் பிளேடையும் பார்த்தார்.

"அப்படியா பாப்பா? அப்பாவுக்குச் சாப்பாடா?"

தலையை ஆட்டினால் போதும்.

"எங்கப்பா செத்துட்டாரு சார். நாலு வருசமாச்சு. யாருக்குக் கொண்டார்றது?"

பிரஸ்ஸில் நின்ற வடிவு வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் சிரிப்பு வெளியே வந்துவிட்டது.

"அப்போ இங்கே என்ன செய்றே?"

"பிசிறு வெட்டறேன். ரெண்டு வருசமா. எனக்குப் பன்னெண்டு வயசு. இவளுக்கு எட்டு. இன்னும் ஏழு பேரு பின்னாடி சந்துல நிக்கிறாங்க. கேரியரத் தொறந்து பாருங்க சார். ஒண்ணுத்துலயும் சோறு இருக்காது."

"வாய்த்துடுக்கு சார் இதுக்கு" என்றான் பாஸ்கரன்.

இன்ஸ்பெக்டர் பெஞ்சின் ஓரத்தில் காகிதத்தை வைத்து அவள் பெயரை எழுதினார். ஏழு பெயர்களையும் அவளே சொன்னாள். அவர் பேனாவை மூடினார்.

"சார், என் தங்கச்சி பேரு?"

"அது இன்னைக்குத்தானேம்மா வந்திருக்கு. போகட்டும்."

"உடாதீங்க சார். ஸ்டெல்லா. எழுதுங்க. எழுதாட்டி நாளைக்கும் இங்கதான் உக்கார வெப்பாங்க."

அவர் பேனாவைத் திறந்தார். எழுதவில்லை. "இவங்க அம்மா யாரு?"

சகாயம்மாள் கரி படிந்த கைகளோடு வந்து நின்றாள்.

"பொண்ணு சொல்றது நிஜமாம்மா?"

பாஸ்கரன் இன்ஸ்பெக்டருக்குப் பின்னால் நின்று, சகாயம்மாளைப் பார்த்து மெதுவாகத் தலையை ஆட்டினான். வேண்டாம். தினமும் காலையில் கேட்டுக்கு வெளியே வேலை கேட்டு நாலு பெண்கள் நிற்பது சகாயம்மாளுக்குத் தெரியும். இல்லை என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். ஜெயகுமாரி அம்மாவைப் பார்க்காமல் தங்கையின் கையிலிருந்த பிளேடைப் பிடுங்கிப் பெஞ்சுக்கு அடியில் எறிந்தாள்.

"நெசந்தான் சார்" என்றாள் சகாயம்மாள். "சின்னவளுக்கு இன்னும் எட்டே முடியல. நாந்தான் இட்டுகினு வந்தேன். அதையும் எழுதிக்குங்க."

இன்ஸ்பெக்டர் அதை எழுதிக் காகிதத்தை நீட்டி, அவள் எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டு முடிக்கும் வரை காத்திருந்தார். பிறகு பின்பக்கச் சந்தைப் பார்க்கப் போனார்.

பிள்ளைகளோடு வெளியே கிளம்பிய சகாயம்மாளைக் கேட்டில் பாஸ்கரன் வழி மறித்தான். "இனிமே இந்த எஸ்டேட்ல ஒருத்தன் உனக்கு வேலை தர மாட்டான்."

"எஸ்டேட்டு பெருசு அண்ணாத்தே. வழிய உடு."

ரயில்வே கேட் வரை சகாயம்மாள் முன்னால் நடந்தாள். அங்கே நின்று ஸ்டெல்லாவிடம், "ஊட்டுக்குப் போயி பைய எடுத்துகினு இஸ்கூலுக்கு ஓடு" என்றாள். அவள் ஓடினாள்.

"நானு?" என்றாள் ஜெயகுமாரி.

"இஸ்கூல்ல உன் பேர எடுத்து ரெண்டு வருசமாச்சேடி. சேக்க மாட்டேன்னுவாங்க. அந்தப் பெரிய டீச்சர் கிட்ட நா இன்னா மூஞ்சிய வெச்சுகினு கேக்கறது?"

"நீ வராத. நானே போயி கேட்டுக்கறேன்."