ஆயுத பூஜையன்று மாற்றிய சர்வர்

22 அக்டோபர் 2012, திங்கள்

இன்று ஒரு தவறு செய்தேன். சிறியதுதான், ஆனால் எழுதி வைக்காவிட்டால் மறந்ததுபோல் நடித்துவிடுவேன். நாளைய வேலைக்கான திட்டத்தில் "பேக்கப் முடிந்தது" என்று எழுதி சிவசங்கர் சாரிடம் நீட்டினேன். எங்கள் தொழிற்சாலையின் கணினிகளுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு.

"எதோட பேக்கப்மா?" என்றார்.

நாளை புதுப்பிக்கப்போகும் மேலாண்மை சர்வரின் அப்போதைய நிலையை ஸ்நாப்ஷாட்டாகப் பிடித்து வைத்திருந்தேன். ஆனால் அதன் தகவல்கள் எல்லாம் சேர்ந்திருக்கும் டேட்டாபேஸ் வேறொரு சர்வரில் இருக்கிறது. அதை நான் தொடவே இல்லை.

"வீட்டுக்காரரை போட்டோ எடுத்து வச்சிட்டு, வீடு பத்திரமா இருக்குன்ற" என்று சிரித்தார். திட்டியிருந்தால் தேவலை.

பிறகு டேட்டாபேஸுக்கும் பேக்கப் எடுத்தேன். நான் போகும் மாலைக் கணினி வகுப்பில் சொல்லித் தந்தபடி, அதை ஒரு சோதனைக் கணினியில் திரும்ப ஏற்றியும் பார்த்தேன். திறந்தது. அதற்குள் வகுப்புக்கான பஸ் போய்விட்டது.

பென்னலூர் விடுதி அறைக்கு வந்ததும் அறைத்தோழி கனகலட்சுமி பிடித்துக்கொண்டாள். "லீவு அன்னிக்குப் போயி என்னத்தடி மாத்தப் போற?"

அவளுக்குப் புரியும்படி சொல்ல முடிந்தால் எனக்கும் புரிந்திருக்கிறது என்று அர்த்தம். ஆகவே முயன்றேன். "நாலஞ்சு பெரிய இரும்புப் பெட்டி இருக்கு. ஒவ்வொண்ணும் ஒரு ஹாஸ்டல்னு வச்சுக்க. அதுக்குள்ள ரூம் ரூமா நிறைய சர்வர். ஒண்ணு சம்பளம் பாக்குது, ஒண்ணு ஸ்டோர்ஸ் கணக்கு பாக்குது. இதுகள எல்லாம் மேய்க்க ஒரு வார்டன் உண்டு. அந்த வார்டன்தான் மேலாண்மை சர்வர். பழைய வார்டனப் புது வார்டனா மாத்தப் போறேன்."

"அப்ப நடுவுல வார்டனே கிடையாதா?"

"கொஞ்ச நேரம் கிடையாது. ஆனா உள்ள உள்ளவங்க பாட்டுக்கு வேல பாப்பாங்க."

"நம்ம வார்டனம்மா ஊருக்குப் போனா நமக்குத் திருவிழால்லா!" என்றாள்.

அவளிடம் சொல்லாதது ஒன்று உண்டு. இது சரியாக முடிந்தால் நான் சர்வர் அறையிலேயே இருப்பேன். கெட்டுப்போனால் தலைமை அலுவலகம் இந்த வேலைகளை வெளி நிறுவனத்திடம் கொடுத்துவிடும். நான் மறுபடி பார்கோடு ஸ்டிக்கர் அச்சிடும் மேசைக்குப் போக வேண்டும். சார் இதை மறைக்காமல் சொல்லிவிட்டார்.

நான் அறைக்குக் கிளம்பும் முன், ஷிஃப்ட் முடிந்ததும் தொழிற்சாலையில் பூஜை நடந்தது. பிரஸ் மெஷின்களைக் கழுவிப் பொட்டு வைத்தார்கள். சாமி முன்னால் வைத்ததை நிறுத்தி வைப்பார்கள். விஜயதசமி காலைவரை தொடமாட்டார்கள். ஹவுஸ்கீப்பிங் பாப்பம்மா அக்கா சந்தனக் கிண்ணத்தோடு வந்தபோது நான் சர்வர் அறை வாசலை மறித்து நின்றேன்.

"அக்கா, கதவுல மட்டும் வைங்க. எதையும் நிறுத்திராதீங்க."

"சாமிக்கே கண்டிசன் போடுறியா நீ?" என்றார். ஆனால் கதவில் மட்டுமே வைத்துவிட்டுப் போனார்.

23 அக்டோபர் 2012, செவ்வாய்

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

காலையில் உற்பத்தி லைன்கள் எல்லாம் நின்றிருந்தன. சாரும் நானும் மட்டும் சர்வர் அறையில். மேலாண்மை சர்வரும் ஓர் இரும்புப் பெட்டிக்குள்தான் ஓடுகிறது. வார்டனும் விடுதி அறை ஒன்றில்தான் தங்குகிறார். அவரை அணைத்தபின் எந்தப் பெட்டியில் இருந்தார் என்று தேடி அலையக் கூடாது. ஆகவே அது இடம் மாறாதபடி செய்து, எந்தப் பெட்டி என்று திட்டத்தில் முதல் வரியாகக் குறித்திருந்தேன்.

புது மென்பொருளை ஏற்றத் தொடங்கினேன். பச்சைக் கோடு பாதிவரை போனது. அப்புறம் நகரவில்லை. ஏதோ ஒரு பிழை எண்ணோடு, "நிறுவ முடியவில்லை" என்று வந்தது. பழையதும் இல்லை, புதியதும் இல்லை. 'மறுபடி முயல்க' என்ற பொத்தான் கண்ணெதிரே இருந்தது. ஒருமுறை அழுத்திப் பார்த்தால் என்ன என்று தோன்றியது, மறைக்காமல் எழுதுகிறேன்.

"சார், திரும்பிரலாமா?"

"உன் பிளான்ல என்ன போட்டிருக்க?"

"பாதியில நின்னா மறுபடி அழுத்தக் கூடாது, பழைய நிலைக்குத் திரும்பணும்னு போட்டிருக்கேன்."

"அப்புறம் என்னை எதுக்குக் கேக்குற? நான் என்ன ஜோசியக்காரனா?"

திரும்பினேன். குறித்து வைத்திருந்த பெட்டிக்குள் நேரடியாக நுழைய அதன் பெயரை அடித்தேன். திறக்கவில்லை. எழுத்துப் பிழையோ என்று மறுபடி அடித்தேன், திறக்கவில்லை. பெயருக்குப் பதில் அதன் முகவரி எண்ணை அடித்தேன். உடனே திறந்தது. ஸ்நாப்ஷாட்டுக்குத் திரும்பி, டேட்டாபேஸையும் நேற்றைய பேக்கப்பிலிருந்து ஏற்றினேன். பழைய மேலாண்மை சர்வர் எழுந்து உட்கார்ந்தது. ஆனால் எல்லாப் பெட்டிகளையும் 'தொடர்பு இல்லை' என்று காட்டியது.

எண் சொன்னால் திறக்கிறது, பெயர் சொன்னால் தெரியவில்லை. அப்படியானால் பெட்டிகளில் பழுதில்லை. பெயரைக் கேட்டால் எண்ணைச் சொல்ல ஒரு கணினி இருக்கிறதே, அதற்குத்தான் ஏதோ ஆகியிருக்கிறது. அது சர்வர் அறை கட்டுவதற்கு முன்பிருந்தே, வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸ் மூலையில் ஓடுகிற பழைய பெட்டி.

இருவரும் ஓடினோம். அங்கே அது பளபளவென்று இருந்தது. நெற்றியில் சந்தனம், குங்குமம், கழுத்தில் சாமந்தி மாலை, எதிரே இலையில் பொரி. பிளக்கைப் பிடுங்கி ஒயரை அழகாகச் சுற்றியும் வைத்திருந்தார்கள். பாப்பம்மா அக்கா விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, இத யாரு நிறுத்துனா?"

"நான்தான். வருசம் பூரா ஓயாம ஓடிக்கினே கீது. அதுக்கு ஒரு நாள் ரெஸ்ட் வாணாவா?"

"இப்ப போடணும்க்கா."

"ஐயே! சாமி முன்னால வெச்சத நாளைக்குக் காத்தாலதான் எடுக்கணும். இன்னா பொண்ணு நீ?"

சார் பிளக்கை நோக்கிக் கையை நீட்டினார். அக்காவின் முகம் மாறுவதைப் பார்த்து, நான் குறுக்கே புகுந்தேன். "கேட் கேமராவ நிறுத்துனீங்களாக்கா?"

"அத எப்பிடி நிறுத்துறது? திருடன் இன்னா, பூஜ பண்ணிக்கினு வூட்லயா குந்திகினு இருப்பான்?"

"இதுவும் அப்படித்தான்க்கா. இது நின்னதுல உள்ள ஒண்ணுக்கு இன்னொண்ணோட பேரே தெரியாமப் போச்சு. நாளைக்கு லைன் ஓடாது."

அக்கா எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "அத நேத்தே சொல்றதுக்கு இன்னா? அந்த ரூம்பு வாசல்ல மட்டும் போலீஸ்காரி மாதிரி நின்ன. இங்க வந்து நிக்கலியே."

உண்மை. நான் கதவைக் காவல் காத்தேன். கதவுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று யோசிக்கவில்லை. இன்று தொடங்குமுன் பெயர்களை ஒருமுறை அழைத்துப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். திட்டத்தில் அந்த வரி இல்லை.

அக்கா கற்பூரம் ஏற்றிக் காட்டினார். மாலையை ஒதுக்கிவிட்டு, ஒயரைப் பிரித்துத் தன் கையாலேயே பிளக்கைச் செருகினார். "சாமி கோச்சிக்கினா உன் பேரத்தான் சொல்லுவேன்" என்று ஒரு கை பொரியையும் அள்ளிக் கொடுத்தார்.

சர்வர் அறைக்குத் திரும்புவதற்குள் பெட்டிகள் ஒவ்வொன்றாகத் தொடர்புக்கு வந்துவிட்டன. ஒன்றும் தொலையவில்லை. இத்தோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று சார் கேட்டார். பகல் மிச்சம் இருக்கிறது, காரணமும் தெரிந்துவிட்டது, திரும்பும் வழியும் ஒருமுறை நடந்து பார்த்த வழி. "இன்னொரு தடவ போலாம் சார்" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். பெயர்களை அழைத்துப் பார்த்து, புதிதாக ஸ்நாப்ஷாட்டும் பேக்கப்பும் எடுத்து, முதலிலிருந்து தொடங்கினேன். இம்முறை கோடு கடைசிவரை போனது.

சோதித்துப் பார்க்க, ஓடிக்கொண்டிருந்த ஸ்டோர்ஸ் சர்வரை ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினேன். ஒரு மினுக்கம்கூட இல்லாமல் இடம் மாறி ஓடியது.

"ஹெட் ஆபீஸுக்கு மெயில் நீயே போடு. உன் பேர்ல" என்றார் சார்.

"முதல் தடவ நின்னு போனத எழுதவா சார்?"

"எழுதாம? நின்னு போனா யாருக்கும் ஒண்ணும் ஆகாம திரும்பி வரத் தெரியுது, அதுக்குத்தானே நீ இந்த ரூம்ல இருக்கணும். அடுத்த மாசம் பெட்டிங்களோட சாஃப்ட்வேரை மாத்தணும். அதுக்கும் பிளான் எழுதிடு."

முதலில் நின்றதையும் பிறகு முடிந்ததையும் எழுதி, கீழே 'பூமாரி, சர்வர் பிரிவு' என்று போட்டேன். அனுப்பும் முன் அந்த ஒரு வரியை மட்டும் பலமுறை படித்தேன். எனக்குப் பெருமையாக இருக்கிறது. புது மென்பொருள் ஓடுவதைவிட, அந்தப் பொத்தானை அழுத்தாமல் கையை எடுத்துக்கொண்டதில்தான் பெருமை அதிகம்.

நாளை: முதல் ஷிஃப்டுக்கு முன்பே போய், டைம் ஆபீஸ் கணினி செய்யும் வேலையைச் சர்வர் அறையில் இரண்டாவதாக ஒரு சர்வரிலும் அமைக்க வேண்டும்.