சத்தமில்லாத ஜீப்

எந்தப் பூச்சிமருந்து என்று டாக்டர் மூன்றாவது முறையாகக் கேட்டார். செல்வலட்சுமிக்குத் தெரியவில்லை. உள்ளே அவளிடம் வேலை பார்க்கும் ஒச்சம்மா வாயில் நுரை தள்ளக் கிடந்தாள். சீக்கிரம் விசாரித்துச் சொல்லுங்கள் என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

ஏலக்காட்டில் நேற்று மருந்தடித்த சின்னமுத்துவின் போன் அணைந்திருந்தது. தோட்ட முதலாளியும் எடுக்கவில்லை. அவள் வாசலுக்கு ஓடினாள். கம்பத்திலிருந்து தினமும் கேரளத்து வண்டன்மேட்டுக்கு ஏலக்காய் எடுக்க அவள் அழைத்துவரும் பெண்கள், ஜீப்பில் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

"மருந்து டப்பாவ யாராச்சும் பாத்தீங்களா?"

"தெரியாதுக்கா."

எதைக் கேட்டாலும் இதே பதில்தான். குறை சொல்கிறவளுக்கு மறுநாள் ஜீப்பில் இடமில்லை என்பது சூப்பர்வைசராக அவள் வைத்த சட்டம். கையுறை கிழிந்துவிட்டது என்று சொன்னதற்காகப் போன மாதம் ஒச்சம்மாவையே இரண்டு நாள் விட்டுவிட்டு வந்தாள். 'உன் ஆளுங்கதாம்மா சத்தமில்லாம வேல பாக்குறாங்க' என்று முதலாளி சொன்னபோது, அது தன் கெட்டிக்காரத்தனம் என்றே நினைத்திருந்தாள்.

கூட்டத்தில் மூத்தவளான அழகுத்தாயின் கையைப் பிடித்தாள். "யக்கா, ஒனக்குத் தெரியும். மறைக்காதக்கா."

"சொன்னா நாளைக்கு என்னயும் எறக்கி விடுவீகளா, சூப்பர்வைசரம்மா?"

"மாட்டேன்."

"இப்ப அப்பிடித்தேன் சொல்லுவீக."

செல்வலட்சுமி டிரைவரிடம் திரும்பினாள். "ஷிஜு, இனிமே யார ஏத்தணும், யார விடணும்னு நான் சொன்னா நீ கேக்காத."

"இவங்க நம்ப மாட்டாங்க சேச்சி," என்றான் ஷிஜு.

"யக்கா, அவ செத்துருவாக்கா!"

அழகுத்தாய் இடுப்பில் செருகியிருந்த காகிதத்தை உருவினாள். டப்பாவிலிருந்து கிழித்த லேபிள். "அவ விழுந்ததுமே எடுத்து வச்சேன்."

"அப்பவே ஏங்க்கா குடுக்கல?"

"குடுத்தா, முன்னாடியே ஏன் சொல்லலன்னு எங்களத்தான வையுவ? காலையில எட்டு மணிக்கே கொமட்டுதுன்னா. ஒங்கிட்டச் சொல்லுவோம்னேன். கையெடுத்துக் கும்பிட்டா, வேணாங்க்கா, இன்னும் ரெண்டு நாக் கூலி போச்சுன்னா தாங்காதுன்னு. நாங்க பயந்தது மருந்துக்கில்ல லட்சுமி, ஒனக்கு."

டாக்டர் லேபிளைப் படித்தார். "அரை மணி நேரம்தான் ஆச்சுன்னு சொன்னீங்க?"

"இல்ல சார். காலையில எட்டு மணியிலருந்து."

"இவ்வளவு நேரம் ஏன் கொண்டுவரல?"

"என்கிட்டச் சொல்லப் பயந்திருக்காங்க. தப்பு என்னுது சார்."

அவர் லேபிளோடு உள்ளே விரைந்தார். பிழைப்பாளா என்று அவள் கேட்பதற்குள் கதவு சாத்திக்கொண்டது. நின்ற இடத்திலேயே நின்றாள். பிறகுதான் உறைத்தது: அதே காட்டில், அதே செடிகளுக்கடியில் மற்றவர்களும் உட்கார்ந்து காய் எடுத்தார்கள்.

மறுபடி ஜீப்புக்கு ஓடினாள். "வேற யாருக்காச்சும் கொமட்டுதா? தலை சுத்துதா?"

யாரும் அசையவில்லை.

"கும்பிட்டுக் கேக்குறேன்."

பின்சீட்டு மூலையில் ஒரு கை தயங்கி உயர்ந்தது. அப்புறம் இன்னொன்று. ஐந்தாவதாக அழகுத்தாய் கையைத் தூக்கினாள்.