வாசல் வரை கூடப் போகிற வேலை

மனிதவளப் பிரிவில் இளநிலை உதவியாளர் என்பது அவளுடைய வேலையின் பெயர். புதிதாகச் சேருகிறவர்களுக்குக் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிவிட வேண்டும். வேலை போனவர்களிடம் அதைக் கழற்றி வாங்கிக்கொண்டு வாசல் வரை கூடப் போய்விட்டு வர வேண்டும். சாந்தமான முகம், இவளிடம் யாரும் சத்தம் போடமாட்டார்கள் என்று மேலாளர் அம்மாள் முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

வேலையைக் குறை சொல்ல வீட்டில் யாருக்கும் வாய் வராது. வெயில் படாது. நாற்காலி வீட்டுக் கட்டிலைவிட மெத்தென்று இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, கம்பெனியின் மருத்துவக் காப்பீட்டில் அம்மாவையும் சேர்த்திருந்தார்கள். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த அம்மாவின் முழங்கால் ஆபரேஷனுக்கு அடுத்த வாரம் நாள் குறித்தாகிவிட்டது. அதற்காகவே மேலாளரின் குத்தல் பேச்சையெல்லாம் அவள் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டாள்.

சிபாரிசு செய்து அவளை அங்கே சேர்த்துவிட்டவர் அக்கா புருஷன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதே கம்பெனியில், நான்காவது மாடியில், கொள்முதல் பிரிவில் இருந்தார்.

ஒரு நாள் மதியம் மேலாளர் அவளை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"நாளைக்குக் காலையில நாலாவது மாடிக்குப் போகணும். உங்க அத்தான்தான்."

"வேற யாராவது போகக் கூடாதா மேடம்?"

"போகலாம். அப்புறம் எல்லாத்துக்குமே வேற ஆள் போதும்னு ஆயிடும். நீ இன்னும் நிரந்தரமாகல. வெளிய ஒரு வார்த்தை போச்சுன்னா, யார் சொன்னதுன்னு நான் தேடவே வேண்டாம்."

அன்று சாயங்காலம் பார்த்து அக்கா சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். அக்காவுக்கு இது இரண்டாவது பிள்ளை, ஆறாவது மாதம். மருந்துக் கடையில் நாள் முழுக்க நின்று நின்று கால் இரண்டும் வீங்கியிருந்தன.

"நாளைக்குக் கடையில சொல்லிடப் போறேன்டி, நின்னுக்கறேன்னு. ஒரு பொண்ணு இடம் காலியாகுமான்னு கேட்டுட்டே இருக்கா."

"எதுக்குக்கா அவசரம்? இன்னும் ஒரு மாசம் போகட்டுமே."

"உனக்கென்ன, ஏசியில உக்காந்திருக்க. கால் வீங்குறது எனக்குத்தானே."

அத்தான் சிரித்தார். "நான் இருக்கேன்ல வாலு, அப்புறம் என்ன?"

சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போகிற நடை கண்ணுக்குள் வந்தது. ஒரு வாய் தண்ணீரைக் குடித்து அதை உள்ளே தள்ளினாள்.

மறுநாள் அவளைப் பார்த்ததும் அத்தான் முகம் மலர்ந்து எழுந்தார். "என்ன வாலு, இந்தப் பக்கம்?" பின்னால் நின்ற காவலாளியைப் பார்த்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. இழுப்பறையிலிருந்து மூக்குக்கண்ணாடிக் கூடு, தைலப் புட்டி, மழைக்கு வைத்திருந்த மாற்றுச் சட்டை எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டார். பக்கத்து மேசைக்காரர்கள் குனிந்த தலை நிமிரவில்லை.

லிஃப்ட்டில் கேட்டார். "நேத்தே தெரியுமா?"

"தெரியும் அத்தான்."

"சாப்பிடும்போதே?"

அவள் தலையாட்டினாள். அவர் அவசரமாக அக்காவுக்குப் போன் போட்டார். இரண்டு வார்த்தை பேசிவிட்டு மெதுவாகச் சட்டைப்பையில் வைத்தார்.

"கடையில சொல்லிட்டாளாம். அந்தப் பொண்ணு வந்து நின்னுடுச்சாம்."

வாசலில் அவரே அட்டையைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தார். "அம்மா ஆபரேஷன் நல்லபடியா முடியட்டும். அதுவரைக்கும் வீட்டுப் பக்கம் வராத. உங்க அக்கா வாயில விழாத."

அவர் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மேலே வந்தபோது மேலாளர் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். "நல்லா பண்ணியிருக்க. சத்தமே கேக்கல."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. செலவெல்லாம் கம்பெனி தலையில். அக்கா வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மாவிடம் பேசினாள், பக்கத்துப் படுக்கைக்காரியிடம் பேசினாள், தங்கை பக்கம் திரும்பவேயில்லை. காப்பீட்டுக் கையெழுத்துக்கு யார் வருகிறீர்கள் என்று நர்ஸ் வந்து கேட்டபோது மட்டும் அவளைக் காட்டினாள்.

"அவங்கதான்."

பிறந்ததிலிருந்து 'அவ' என்றும் 'அடியே' என்றும் கூப்பிட்ட வாய். அவள் எழுந்துபோய்க் கையெழுத்துப் போட்டாள்.

அந்த மாதக் கடைசியில் அவளுடைய வேலை நிரந்தரமானது. எல்லாரும் கை கொடுத்தார்கள். அக்கா ஊர்க்கோடியில் வேறொரு மருந்துக் கடையில் மறுபடியும் நிற்கப் போய்விட்டாள்.

அம்மாவிடம் யாரும் விஷயத்தை உடைக்கவில்லை. கைத்தடியோடு அறைக்குள் நடந்து பழகிக்கொண்டிருந்த அம்மா ஒரு நாள் நின்று மூச்சு வாங்கினாள்.

"மாப்பிள்ளை ஏதோ கோவத்துல வேலைய விட்டுட்டாராமே. நீ உங்க மேலிடத்துல ஒரு வார்த்தை சொல்லிப் பாரேன். நீ சொன்னா கேப்பாங்கல்ல?"

"சொல்றேன்மா," என்றாள்.