பின்தலைக் கயிறு

கீழைக்கடலின் விளிம்பில் இருள் மெல்லக் கரைய, பெண்ணையாற்றின் கழிமுகத்திற்கு வடக்கே பனைகள் ஒவ்வொன்றாய் உருப்பெற்றெழ, பாகூர் ஏரிநீர் பாயும் வயல்களிலிருந்து புறப்பட்ட குளிர்காற்று உப்புக்காற்றோடு கலந்து வீச, மணப்பட்டுக் குப்பத்தின் மணற்கரை விழித்துக்கொள்ளும் வேளையை நீவிர் கண்டதுண்டோ, நண்பீர்? முதல்நாள் கடலாடி வந்த கட்டுமரத்தைக் கயிறு அவிழ்த்து, மரம் மரமாய்ப் பிரித்து, மணலில் உலரப் போடுவதும், மறுநாள் விடியலில் அவற்றைச் சேர்த்து மீண்டும் கட்டுவதும் அக்கரையின் அன்றாடத் தொழில். அவிழ்ந்து கிடக்கிறதே என்று அம்மரத்தை எவரும் பழிப்பதில்லை. ஆனால் மனிதன் அவிழ்ந்து கிடந்தால் மட்டும் ஊரே கூடிநின்று பழிக்கும்.

பிரஞ்சுக்காரர் ஆட்சி நடந்த அந்நாளில், மரத்தின் பின்முனையாகிய பின்தலையைக் கயிறிட்டு இறுக்குவதில் தங்கராசுவுக்கு நிகராவார் அக்கரையில் இலர். தன் தங்கை சிந்தாமணியின் கணவன் சம்மந்தத்தோடு ஒரே மரத்தில் தொழில் செய்தவன் அவன். தலைப்பேற்றிலேயே மனைவியும் மகவும் மறைந்துபோக, ஆளற்ற வீட்டின் மாலைப்பொழுதுக்கு அஞ்சிச் சாராயக்கடையின் படியேறியவன், பின்னர் இறங்கிவரும் வழியறியாது போனான். ஆற்றுக்கு அப்பால் ஆங்கிலேயர் ஆண்ட ஊர்களிலிருந்துகூடக் குடிப்பதற்கென்றே ஆள் வந்துபோகும் இடம் அது. உள்ளூரானைத் தடுப்பார் யார்?

ஓர் ஐப்பசி விடியலில், மீன்திரள் கரையை அணுகியிருப்பதறிந்து, சம்மந்தம் மரத்தருகே வந்து காத்திருந்தான். பின்தலை கட்டவேண்டிய தங்கராசுவோ கடையின் பின்புறத்தில் நினைவின்றிக் கிடந்தான். ஒருவர் மரத்தின்மேல் அமர்ந்து காலால் அழுத்த, மற்றவர் கயிற்றை வலித்து இறுக்கவேண்டிய கட்டினைச் சம்மந்தம் தானொருவனாகவே இறுக்கி, தானொருவனாகவே கடல்மேற் சென்றான். நண்பகலில் மரங்கள் தனித்தனியே கரை ஒதுங்கின. அவற்றின் பின்னர் அவனும் ஒதுங்கினான்.

அன்றுமுதல் சிந்தாமணி தன் தமையனோடு பேசவில்லை. தங்கராசு அம்மன் கோயிலில் மஞ்சள் கயிறு கட்டிக் குடியேனென்று சூளுரைத்தான், சூள் தவறியது. தவறியதற்காக நண்பகலில் கொதிக்கும் மணலில் வெற்றுடம்போடு கிடந்தான், உணவை மறுத்தான், தன் கன்னத்தைத் தானே அறைந்துகொண்டான். தன்னை வருத்திக்கொள்பவனைக் கண்டால் நம் மக்களுக்கு என்றும் ஒரு மதிப்பு உண்டல்லவா? "பாருய்யா, ரோசக்காரன்" என்று ஊரார் மெச்சினர். ஆனால் புண்பட்ட உடம்போடும், தன்னையே காணக் கூசும் நெஞ்சோடும் கிடந்தவனுக்கு, மாலையானதும் அந்தக் கூச்சத்தை மறக்க ஒரே ஓர் இடந்தான் இருந்தது. மீண்டும் கயிறு, மீண்டும் குடி, மீண்டும் மணல் என்று ஓராண்டு கழிந்தது.

அடுத்த கார்த்திகையில் ஒருநாள், மணலில் கிடந்தவன்மேல் நிழலொன்று விழுந்தது. கண்விழித்தால் சிந்தாமணி. அவள் இரக்கம்கொண்டு வந்தாள் என்று சொன்னால் அது பொய். அவள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. அதுவரை வேறொருவர் மரத்தில் துடுப்பு வலித்த கொழுந்தன் பக்கிரி, அண்ணனின் மரத்தையே எடுத்துச் செல்ல முன்வந்தும், பின்தலைக்கு ஆளில்லை.

"நீ இங்க வெந்து செத்தா எம் புருசன் எழுந்து வரப்போறானா? நாளைக்கிக் காலைல வந்து மரத்தக் கட்டு. நாளைக்கி மட்டும் வா. மத்த நாளு இன்னான்னு அப்பறம் பாக்கலாம்."

மறுநாள் விடியலில் அவன் வந்து கட்டினான். பெண்கள் மரத்தைத் தொடலாகாது என்பது அக்கரையின் வழக்கு. சிந்தாமணியோ எவர் முகத்தையும் பாராமல் குனிந்து, பின்தலைக் கயிற்றைப் பிடித்து ஓங்கி இழுத்துப் பார்த்தாள். அந்த மரத்தின்மேல் செல்பவன் பக்கிரி. அவள் வீட்டில் எஞ்சியிருந்த ஒரே ஆண்மகன். அந்த இழுப்பு ஒவ்வொன்றும் தங்கராசுவின் நெஞ்சில் விழுந்தது. ஆயினும் அவன் நாள்தோறும் வந்தான், அவளும் நாள்தோறும் இழுத்தாள். கடைதிறக்கும் மாலைவேளையில் பக்கிரி அவனைத் தன் வாயிலில் அமர்த்தி, கிழிந்த வலையை மடியில் போட்டுவிடுவான். பேச்சு அதிகமில்லை. வலை மட்டும் நாளுக்குநாள் சீரானது.

சம்மந்தம் மறைந்த இரண்டாமாண்டு நினைவுநாளில் தங்கராசு மீண்டும் குடித்தான். விடிந்ததும் எழுந்து, வழக்கம்போல் மணலை நோக்கி நடந்தவனைப் பக்கிரி கைப்பற்றி நிறுத்தினான்.

"எங்க போற மச்சான்?"

"வுடுடா. நான் மனுசனே இல்ல."

"நீ மணல்ல கெடந்தீனா சாயங்காலம் நேரா எங்க போவேன்னு எனக்குத் தெரியும். நேத்து அவுந்துபோச்சி, இன்னிக்கிக் கட்டுவோம். மரத்த அப்பிடித்தான பண்றோம்? மொதல்ல கஞ்சியக் குடி."

அன்று பக்கிரி கடலுக்குச் செல்லவில்லை. பிழைப்பை விட்டு அவனருகிலேயே அமர்ந்திருந்தான். அடி வாங்குவதைவிட அந்தக் கஞ்சியை ஏற்பது தங்கராசுவுக்குக் கடினமாயிருந்தது. தமையனைப் பறிகொடுத்தவனே தன்னை வெறுக்காதிருக்க, தான்மட்டும் தன்னை வெறுத்து யாருக்கு என்ன பயன் என்ற எண்ணம் மெல்ல எழ, தேம்பித் தேம்பி அழுதுகொண்டே அவன் குடித்து முடித்தான். தன்மேல் தானே இரங்கக் கற்ற முதல் நாள் அது.

அதன்பின் ஆண்டுகள் சில சென்றன. மாலைதோறும் தாகம் எழாமல் இல்லை. எழும்போதெல்லாம் அவன் வலையைத் தேடிச் சென்றான். ஒரு தைத்திங்கள் விடியலில், பனி கவிந்த கரையில் பின்தலையைக் கட்டிமுடித்து, வழக்கம்போல் விலகிநின்றான். சிந்தாமணி கூடையோடு வந்தாள். கயிற்றை ஒருமுறை பார்த்தாள். குனியாமல் அப்பால் நடந்தாள்.

அவன் பதறிப்போனான். "இழுத்துப் பாக்கலியா, சிந்தாமணி?"

"இன்னாத்துக்குண்ணே? நீதான கட்டுன."

ஆண்டுகள் பலவாக அவள் நாவில் வராத சொல் அது, அண்ணன் என்பது. தங்கராசு மரத்தைப் பற்றியபடி மணலில் அமர்ந்துவிட்டான். மகிழ்ச்சியென்று அதனை எப்படிச் சொல்வது? இந்தக் கட்டு அன்றொருநாள் விடியலில் இருந்திருக்கவேண்டிய கட்டு. இதனை நம்பி ஏறியிருக்கவேண்டியவன் மண்ணுள் கிடக்கிறான். திருந்தியவனுக்குத் தன் இழப்பின் அளவு தெளிவாய்த் தெரிகிறது. குடித்துக் கிடந்த நாளில் அது இவ்வளவு தெரிந்ததில்லை. சிந்தாமணி திரும்பிவந்து, அவன் முதுகில் கைவைத்து நின்றாள். அவளும் அழுதாள்.

பின்னர் பக்கிரி அழைக்க, அவன் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, மரத்தை அலைக்குள் தள்ளி, அவனோடு தானும் ஏறிக்கொண்டான். நண்பகலில் இருவரும் கரை சேர்ந்தனர். தங்கராசு பின்தலைக் கயிற்றை அவிழ்த்து, மரங்களைப் பிரித்து உலரப் போட்டான். மறுநாள் விடியலில் வந்து மீண்டும் கட்டினான்.