‘சார் வந்தாரு’ விளையாட்டு

1

இது கதையாக ஆகவேண்டியதே இல்லை. ‘மழை நாளில் உள்ளே உட்கார்ந்து விளையாட ஐந்து யோசனைகள்’ எழுதித் தரச் சொல்லி ஒரு சிறுவர் பத்திரிகை கேட்டது. கொல்லிமலைக்காரி, மழையைப் பற்றித் தெரிந்திருக்கும் என்று நினைத்திருப்பார்கள். மரவள்ளி இலைக்காம்பில் மாலை, தரையில் கரித்துண்டு ஓவியம் என்று நான்கு எழுதிவிட்டேன். ஐந்தாவதில் மாட்டிக்கொண்டேன்.

2

முதல் தொடக்கம்: பஞ்சுப்பொதி போல் மேகம் இறங்கும் எங்கள் மலையில்...

(அடித்துவிட்டேன். மேகம் இறங்கினால் துணி காயாது. அவ்வளவுதான்.)

இரண்டாவது தொடக்கம்: 2001, ஐப்பசி. ஆறு நாளாக மழை. எங்கள் மலையில் திருப்புலி நாடு என்கிற பகுதியில் ஒரு பள்ளிக்கூடம்.* ஐந்து வகுப்புக்கும் ஒரே அறை, முப்பத்தொரு பிள்ளைகள், நான். எங்கள் ஊரில் முதன்முதலாக பி.ஏ. முடித்தவள் என்று என்னைத் தற்காலிக டீச்சராக வைத்திருந்தார்கள். வைப்பதும் எடுப்பதும் தலைமையாசிரியர் தேவராஜ் கையில். எடுத்தால் மறுபடி மரவள்ளிக் காட்டில் களைக்கொத்து. அவர் கீழேயிருந்து பஸ்ஸில் வரவேண்டியவர். மழை என்றால் வரமாட்டார். வெயில் என்றாலும் யோசிப்பார்.

* எந்த ஊர் என்று கேட்காதீர்கள்.

3

“உங்களுக்குத் தெரிஞ்சதை நடிச்சுக் காட்டுங்க” என்றேன். ஐந்தாவது யோசனை அதுதான்.

ஐந்தாம் வகுப்பு மேகலா கக்கத்தில் பையை இடுக்கிக்கொண்டு எழுந்தாள்.

“சார் வந்தாரு!” என்று ஒருத்தி கத்தினாள். எல்லோரும் விழுந்தடித்து உட்கார்ந்தார்கள். மேகலா என் வருகைப் பதிவேட்டைத் திறந்து, விரலை நக்கி நக்கி, வெறும் கையால் நான்கு கையெழுத்துப் போட்டாள். “திங்க, செவ்வா, புதன், வியாழன். ஏஞ்சாமி, பஸ்ஸு திரும்பிருச்சா பாரு.”

“சார், வாய்ப்பாடு?”

“மழை உட்டதும் சொல்லித் தாரேன் கண்ணு.”

அறை அதிர்ந்தது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது நான். அப்போதுதான் வாசலைப் பார்த்தேன். குடையோடு கல்வி அதிகாரி அம்மா. ஜீப்பில் அவரோடு வந்து இறங்கியிருந்த தேவராஜ் சார் பக்கத்தில்.

4

இங்கே ஒரு சந்தேகம். முதலில் எழுதிய பிரதியில் தேவராஜுக்குத் தொந்தியும் முறுக்கு மீசையும் வைத்திருந்தேன். பொய். ஒல்லி மனிதர். எழுபது கொண்டை ஊசி வளைவிலும் வாந்தி எடுப்பார். அன்றும் மூக்கில் எலுமிச்சம்பழத்தை வைத்தபடிதான் நின்றார். (இதை எழுதினால் நீங்கள் இரக்கப்படுவீர்கள். எனக்கு அதில் இஷ்டமில்லை. நாங்கள் மட்டும் என்ன, பறந்தா இறங்குகிறோம்?)

5

“யாரு கண்ணு இதைச் சொல்லிக் குடுத்தா?” என்று அதிகாரி அம்மா கேட்டார்.

“டீச்சர்தாங்க” என்றார் தேவராஜ், முந்திக்கொண்டு. “ஏனுங்க டீச்சர், சும்மா தமாசுக்குத்தானுங்களே?”

முடிவு ஒன்று: நான் பொங்கி எழுந்து எல்லா உண்மையையும்...

(இல்லை. பொங்கியது என்னவோ நிஜம். வாய்தான் திறக்கவில்லை.)

முடிவு இரண்டு: அதிகாரி அம்மா மேகலாவுக்கு ஒரு பேனாவைப் பரிசாக...

(போதும்.)

நடந்தது இது. மேகலா என் முகத்தைப் பார்த்தாள். சாரைப் பார்த்தாள். பையைக் கீழே வைத்தாள்.

“யாரும் சொல்லித் தரலீங்க. நானா நெனச்சுக்கிட்டேன். சார் தெனமும் வாராருங்க.”

“அப்படியா?” என்று வகுப்பைக் கேட்டார் அம்மா.

“ஆமாங்க!” முப்பது குரலும் ஒன்றாக. ஒரு பிள்ளைகூடத் தடுமாறவில்லை. என் வேலையைக் காப்பாற்றுகிறார்களாம்.

இந்த இரண்டாவது நடிப்பை நான் சொல்லித் தரவில்லை. அதை யார் சொல்லிக் கொடுத்தது என்று அந்த அம்மாவும் கேட்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

“நிஜமா டீச்சர்?”

ஆமாம் என்றால் வேலை நிலைக்கும். பொய் சொன்னால் தப்பிக்கலாம் என்பதை முப்பத்தொரு பிள்ளைகளும் என்னிடமே படித்துக்கொள்ளும். இல்லை என்றால் எனக்காகப் பொய் சொன்ன மேகலாவை நானே காட்டிக்கொடுத்தவள்.

என்ன சொன்னேன் என்பது எனக்கும் அந்த அறைக்கும் தெரியும். உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. உங்கள் பிள்ளையும் அங்கேதான் கைகட்டி உட்கார்ந்து உங்கள் வாயையே பார்க்கிறது. சொல்லுங்கள்.