பதினொரு பாக ஆழத்தில் பொதுக்குழு

கப்பல் மூழ்கிப் பல வருடமாகியும் அதற்குள் இருந்த ஒன்பது பேரின் வேலைநிறுத்தம் முடியவில்லை. கீழத்துறைத் துறைமுகத்துக்குக் கிழக்கே, பதினொரு பாக ஆழத்தில், இரண்டாவது சரக்கறையில் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஓர் ஆள் இரண்டு கையையும் விரித்தால் வரும் நீளம் ஒரு பாகம். கோரிக்கை ஒன்றே ஒன்றுதான்: சரக்கறைக்குள் மூட்டை தூக்குகிறவனுக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டும். நிர்வாகம் பேச மறுத்தது. கப்பலை வெளிக்கடலுக்கு இழுத்துக்கொண்டு போனால் பயந்து இறங்கிவிடுவார்கள் என்று நினைத்தது. அவர்கள் இறங்கவில்லை. கப்பல் இறங்கிவிட்டது.

அந்த ஒன்பது பேரில் கஸ்பாரும் ஒருவர். அவர் மனைவி சகாயராணி வாரந்தோறும் தூக்குவாளியில் சோறும் குழம்பும் வைத்து, கல்லைக் கட்டிக் கடலில் இறக்குவாள். மறுநாள் வாளி கழுவின சுத்தத்தோடு மேலே வரும். இந்த வருடங்களுக்கிடையில் அவள் சுமைத்தொழிலாளர் சங்கத்தின் செயலாளராகவும் ஆகிவிட்டாள். சோறு இறக்குகிற கைதான் சங்கத்தையும் நடத்த வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள்.

இப்போது கப்பல் போகும் தடத்தை ஆழப்படுத்தப் போகிறார்களாம். குறுக்கே கிடக்கிற கப்பலைத் திங்கட்கிழமை வெடி வைத்துத் தகர்ப்பதாக அறிவிப்பு வந்தது. ஆள் இருக்கிறதே என்று ராணி போய்ச் சொன்னாள். வேலையில் இல்லாதவர்களை ஆள் கணக்கில் சேர்ப்பதில்லை என்று அதிகாரி சொன்னார். ஆகவே திங்கட்கிழமைக்கு முன்னால் ஒன்பது பேரையும் எழுப்பிக்கொண்டு வர வேண்டும். ஆனால் போராட்டத்தில் உட்கார்ந்த தொழிலாளி பொதுக்குழு கூடி, கை தூக்கி, முடிவெடுத்தால்தான் எழுவான். கீழத்துறையில் அதை மீறியவன் கிடையாது.

சுற்றுலாக்காரர்களைக் கடலுக்குள் முக்குளிக்க வைத்துப் பவளப்பாறை காட்டுகிற ரூபஸைச் சங்க அலுவலகத்துக்கு வரவழைத்தார்கள். அவன் மேசைமேல் ஒரு சோப்புப் பெட்டியை வைத்தான். அதுதான் கப்பல்.

"தண்ணி வெதுவெதுன்னுதான் இருக்கும்க்கா, குளிராது. ஓட்டந்தான் பொல்லாதது. நாம இங்க, மேற்புறமா இறங்கணும். ஓட்டம் நம்மளக் கொண்டுபோயி கப்பல்ல விடும். அங்க கம்பியப் பிடிச்சிறணும்."

"பிடிக்காட்டி?" என்றார் சங்கத் துணைத்தலைவர் இசக்கிராஜ். ஒரு மணி நேரத்துக்குக் குறைந்து பேசியறியாதவர்.

"அடுத்த ஸ்டாப் இலங்கைதான் அண்ணாச்சி."

இசக்கிராஜ் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு நிகழ்ச்சி நிரலை எடுத்தார். வரவேற்புரை, இரங்கல் தீர்மானம், தலைமையுரை, வாபஸ் தீர்மானம், நன்றியுரை.

"அண்ணாச்சி, அந்த ஆழத்துல சிலிண்டர் அரை மணி நேரம் தாங்கினா பெரிசு. கால்வாசிக்கு வந்துட்டா, கூட்டம் பாதியில நின்னாலும் கிளம்பிரணும்."

"கூட்டம் பாதியில நின்னா தீர்மானம் செல்லாதுடே."

வரவேற்புரையைக் கைவிட்டார்கள். தலைமையுரையை மூன்று வாக்கியமாக்கினார்கள். வாயில் இருக்கும் காற்றுக்குழாயை எடுத்தால்தான் பேச முடியும் என்பதால், வாக்கியத்துக்கு ஒரு மூச்சு. ராணியும் ரூபஸும் இறங்குவது, இசக்கிராஜ் கரையில் இருப்பது என்று அப்போதே ஏகமனதாக முடிவாயிற்று. மேலே வருகிற வழியில், உடம்பில் ஊறிய காற்று வெளியேற, கயிற்றைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நிற்க வேண்டும் என்று ரூபஸ் சொன்னான். அந்த நேரத்தை நன்றியுரைக்கு ஒதுக்கினார்கள்.

இரங்கல் தீர்மானத்தில்தான் தகராறு வந்தது.

"மௌன அஞ்சலின்னா மூச்சுக்காட்டக் கூடாது. நீங்க ரெண்டுபேரும் குமிழி விட்டுக்கிட்டு நின்னா செத்தவனுக்கு என்ன மரியாதை?"

"தண்ணிக்குள்ள மூச்ச அடக்கவே கூடாது அண்ணாச்சி. அடக்கிட்டு மேல வந்தா நுரையீரல் வெடிச்சிரும். அப்புறம் எங்களுக்கும் சேத்து நீங்க அஞ்சலி செய்யணும்."

இசக்கிராஜ் நிரலில் ஒரு கோடு போட்டார். "சரி, குமிழிய அழுகையா எடுத்துக்கலாம். அழுகைக்கு நம்ம சங்கத்துல தடை கிடையாது."

ஞாயிற்றுக்கிழமை காலை படகிலிருந்து சாய்ந்து விழுந்தார்கள். நீரோட்டம் இருவரையும் தோளைப் பிடித்துக் கூட்டிப்போவதுபோலக் கொண்டுபோனது. கப்பல் வந்ததும் ராணி கம்பியை எட்டிப் பிடித்தாள். உள்ளே ஓட்டம் இல்லை. ஒன்பது பேரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். கஸ்பாரின் மீசையில் சின்னச் சிப்பிகள் ஒட்டியிருந்தன.

"ஏளா ராணி, மெலிஞ்சுட்டியே," என்றார் அவர்.

அது நிரலில் இல்லாததால் அவள் பதில் சொல்லவில்லை. கையை மட்டும் அவர் முழங்கால்மேல் வைத்தாள். காற்றுமானியின் முள் சற்று இறங்கியது.

இந்த வருடங்களில் கரையில் இறந்த தோழர்களின் பெயர்களைப் படித்தாள். ஒன்பது பேரும் எழுந்து நின்றார்கள். ராணியும் ரூபஸும் குமிழி விட்டார்கள். ராணியின் குமிழிகள் அதிகமாக இருந்தன. பிறகு அவள் குழாயை எடுத்துவிட்டுத் தீர்மானத்தைச் சொன்னாள். நாளை வெடி வைக்கிறார்கள். போராட்டத்தைத் திரும்பப் பெறுவோம். வீட்டுக்கு வாருங்கள்.

கஸ்பார் கையை உயர்த்தி ஒரு கேள்வி கேட்டார். "தண்ணி குடுத்தானா?"

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்தச் சொல்லுக்குக் காற்றும் அதிகம் வேண்டாம். இரவு அவர் வீட்டுப் பாயில் படுத்திருப்பார். ராணி குழாயைக் கடித்து ஒரு முழு மூச்சு இழுத்தாள். எடுத்தாள்.

"குடுக்கல. கேன்ல வச்சு விக்கிறான்."

தீர்மானத்துக்கு ஆதரவு கேட்டபோது ஒரு கையும் எழவில்லை. கஸ்பாரின் கையும் எழவில்லை. ரூபஸ் தன் சிலிண்டரைத் தட்டினான். முள் கால்வாசிக்கு வந்திருந்தது. ராணி அசையவில்லை. ரூபஸ் அவள் தோளைப் பிடித்து இழுத்தான். அப்போது கஸ்பார் மறுபடி கையை உயர்த்தினார்.

"ஒரு திருத்தம். போராட்டம் தொடரணும். இடம் மட்டும் மாறணும்."

"எங்கடே?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"முதலாளி வீட்டு வாசலுக்கு."

ஒன்பது கைகளும் எழுந்தன. ராணியின் கையும் எழுந்தது. ரூபஸ் உறுப்பினர் இல்லாததால் அவன் கை எண்ணப்படவில்லை. கயிற்றைப் பிடித்து நின்றபோது ராணி நன்றியுரை சொன்னாள். ஒரே வாக்கியம்.

மூட்டை தூக்கிப் பழகிய தோள்கள். ஒன்பது பேரும் கப்பலுக்கு அடியில் போய், ஏலேலோ போட்டுத் தூக்கினார்கள். திங்கட்கிழமை விடியும்போது கப்பல் முதலாளி வீட்டுத் தெருவில் நின்றது. வெடி வைக்க வந்தவர்கள் வெறும் மணலைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுத் திரும்பினார்கள்.

கப்பலோடு அதன் ஆழமும் கூடவே வந்திருந்தது. மூட்டையைத் தூக்கினால் சாக்கும் வருவதுபோல. அந்தத் தெருவில் மட்டும் பதினொரு பாகத்துக்குக் கடல் நின்றது. நீரோட்டம் தபால்காரரைச் சைக்கிளோடு ஒவ்வொரு வாசலாகக் கொண்டுபோய் விட்டது. ராணி தெருமுனையில் பஸ்ஸைவிட்டு இறங்கி, சிலிண்டரை மாட்டிக்கொண்டு, கஸ்பாரைப் பார்த்துவிட்டு வருவாள். முன்னைப்போல் படகு பிடிக்க வேண்டியதில்லை.

அந்த வாரக் கடைசியில் முதலாளி வீட்டு மாடி ஜன்னலைத் திறந்தார். உதடு வெடித்திருந்தது. வீட்டுக் குழாய்களிலெல்லாம் உப்புநீர்தான் வந்துகொண்டிருந்தது.

"குடிக்கத் தண்ணி இருக்குமா?" என்று கேட்டார்.

"இல்லீங்க," என்றார் கஸ்பார். "அதுக்குத்தான் உக்காந்திருக்கோம்."

முதலாளி ஜன்னலின் மறு கதவையும் திறந்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மாடியிலிருந்து மெதுவாக மிதந்து இறங்கி, சரக்கறைக்குள் வந்தார். வட்டத்தில் இருந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள்.