ஜெனரலின் கால்கள்

மாரிவெல் சுமகாய்சாய் தன்னிடம் படம் வரையக் கொடுத்தவர்களில் ஒருவரைக்கூட மதித்ததில்லை. பாகோலோட் நகரத்தில் நாய், பூனை, குதிரை, கட்டுச்சேவல் என்று எதைக் கொண்டுவந்தாலும் கலர் பென்சிலில் அச்சு அசலாக வரைந்து கொடுத்துப் பதினாறு வருடமாகப் பிழைப்பு நடத்துகிறவள். வருகிறவர்களுக்கு முகம் கோணாமல் காப்பி கொடுப்பாள். அவர்கள் படியிறங்கிப் போனதும் அக்கா எர்மினியாவின் முன்னால் அவர்களைப் போலவே பேசி நடித்துக் காட்டுவாள். எர்மினியாவுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிடும்.

செத்துப்போன நாய்க்கு இறக்கை வைத்து வரையச் சொன்ன பல் டாக்டரம்மா, பூனையின் பச்சைக் கண்ணைத் தன் வீட்டு ஜன்னல் திரைக்குப் பொருத்தமாக நீலமாக்கச் சொன்ன வங்கி மேனேஜர், வெறும் பென்சில்தானே, இதற்கா ஆறு வாரம் என்று கேட்ட சர்க்கரை ஆலை எஞ்சினியர், இவர்களெல்லாம் அவளுடைய நடிப்பில் நிரந்தரப் பாத்திரங்கள். ஒரு கறுப்பு நாயின் காதை வரைய அவள் கறுப்புப் பென்சிலைத் தொடவே மாட்டாள். கருநீலம், கரும்பச்சை, அடர்சிவப்பு மூன்றையும் மெல்லிசாக ஒன்றின்மேல் ஒன்றாகப் பத்துப் பன்னிரண்டு பூச்சு ஏற்றினால்தான் அந்தக் கறுப்புக்கு உயிர் வரும். இதையெல்லாம் இந்த ஜனங்களிடம் சொல்லி என்ன பிரயோஜனம்? பக்கத்து வீட்டுக்காரன் வயிறு எரிய அவர்களுக்கு ஒரு படம் வேண்டும், அவ்வளவுதான்.

நாய்க்காரர்களிடமாவது அவளுக்குக் கொஞ்சம் இரக்கம் உண்டு. சேவல்காரர்கள் என்றால் அதுவும் கிடையாது. அவர்களிலும் ரொகாசியானோ தலிபேயின் பெயரைக் கேட்டாலே அவள் உதடு தானாக ஒரு பக்கம் கோணிக்கொள்ளும்.

தலிபே முர்சியா போகிற ரோட்டில், கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே, நானூறு கட்டுச்சேவல் வளர்க்கிற பண்ணை வைத்திருந்தார். முன்பு ஊர்த் தலைவராக இருந்தவர். அந்த மிதப்பு இன்னும் இறங்கவில்லை. மோதிரம் இல்லாத விரல்கள் நாலே நாலு. வாசலில் சிமெண்டில் செய்த இரண்டு கழுகுகள் நின்றன. ஒன்றின் அலகு எப்போதோ உடைந்துபோய், அது ஏறக்குறைய கோழியாகவே மாறியிருந்தது. அவருடைய சேவல்களில் பேர்போனதற்கு ஜெனரல் என்று பெயர். மூன்று பெரிய சேவல்கட்டுகளில் எதிரியைச் சாய்த்த செங்கருப்புச் சேவல். இரண்டு வருடத்துக்கு முன்னால் அதை மாரிவெல்தான் வரைந்து கொடுத்தாள். தலிபே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நல்லாத்தான் இருக்கு இண்டாய். ஆனா கோழி மாதிரியே இருக்கே."

வயது குறைந்த பெண்களை இண்டாய் என்று கூப்பிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். அவள் நாற்பத்திரண்டு வயதுக்காரி. அந்த 'இண்டாய்'க்கும் சேர்த்தே எர்மினியாவிடம் நடித்துக் காட்டினாள். அந்த ஒரு வசனம் அக்கா தங்கை இருவருக்கும் இரண்டு வருடம் தாங்கியது.

இந்த மார்ச்சில் தலிபே மறுபடி கூப்பிட்டார். ஜூனில் பண்ணையில் பெரிய விருந்து. தாவாவோவிலிருந்தும் லுசோனிலிருந்தும் ஆட்கள் ஜெனரலின் குஞ்சுகளை வாங்க வருகிறார்கள். ஜெனரல் கட்டிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டது, இப்போது வம்சம் பெருக்குவதுதான் அதன் உத்தியோகம். ஹாலில் பழைய படத்துக்குப் பக்கத்தில் அதைவிட இரண்டு மடங்கு பெரிதாக ஒரு புதுப் படம் வேண்டும் என்றார். இந்தத் தடவை ராஜா மாதிரி இருக்கட்டும் என்றும் சேர்த்துக்கொண்டார். மாரிவெல் ஆகட்டும் சார் என்று பவ்யமாகச் சொல்லி போனை வைத்தாள்.

பண்ணையில் சேவல்களைப் பார்த்துக்கொள்கிற எஸ்திங் என்ற மனிதர் ஜெனரலைக் கையில் ஏந்தியபடி காத்திருந்தார். அறுபது வயது இருக்கும். ஒல்லி, சாயம் போன தொப்பி, வாயைத் திறந்தால் ஏதாவது தொலைந்துவிடும் என்பதுபோல் பேச்சே கிடையாது. அவள் கழுத்து, வால், கண் என்று சுற்றிச் சுற்றி நாற்பது போட்டோ எடுத்தாள். போதும் என்று கேமராவை மூடப் போனபோது எஸ்திங், "காலையும் எடுத்துக்குங்க" என்றார். சேவலை உயர்த்தி, தன் வெள்ளைச் சட்டைக்கு முன்னால் இரண்டு காலும் தெளிவாகத் தெரியும்படி பிடித்தார். சேவல்காரர்கள் காலின் செதிலைப் பார்த்து ஜோசியம் சொல்கிறவர்கள் என்று அவளுக்குத் தெரியும். பைத்தியக்காரக் கூட்டம் என்று நினைத்துக்கொண்டே இரண்டு போட்டோ எடுத்தாள்.

ஐந்து வாரம் வேலை நடந்தது. வழக்கம்போல் முதலில் கண்ணை முடித்தாள். கழுத்து இறகுகளின் நடுத்தண்டுக்கு மழுங்கிய ஊசியால் தாளிலேயே கோடு அழுத்திவிட்டு, அதன்மேல் ஆரஞ்சும் செம்மண் நிறமும் ஏற்றினாள். ஊசி போன வழி மட்டும் வண்ணம் பிடிக்காமல் வெளுப்பாக நின்றது. வியர்வை படாமல் கைக்கடியில் ஒரு தாளை வைத்துக்கொண்டு வாலை முடித்தாள். கடைசியாகக் கால். அளவு ஒத்துப்போகிறதா என்று பார்க்கப் பழைய படத்தின் நகலைக் கம்ப்யூட்டரில் திறந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பழைய படத்தில் வலது காலின் முன்புறம், மேலிருந்து மூன்றாவது செதில் இரண்டாகப் பிளந்திருந்தது. பின்விரலுக்குப் பக்கத்தில் ஒரு செதில் கறுத்துச் சாய்ந்திருந்தது. புதுப் போட்டோவில் பிளவும் இல்லை, கறுப்பும் இல்லை. செங்கல் அடுக்கியதுபோல் இரண்டு வரிசை சீராக இறங்கியது.

"எர்மி, இங்க வா. அந்தத் திருடன் சேவலை மாத்திட்டான்."

எல்லாம் கோவையாகப் பொருந்தியது. போன கோடையில் சுற்றுவட்டாரப் பண்ணைகளில் நோய் வந்து கோழிகள் கூட்டமாகச் செத்தன. ஜெனரலும் போயிருக்கும். அதன் தம்பியோ மகனோ ஒன்றை நிறுத்தி, ஜெனரல் என்று சொல்லிக் குஞ்சு விற்கிறான் இந்த மனுஷன். எர்மினியா படத்தையும் போட்டோவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நமக்கு என்ன வந்தது, படத்தைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் வா என்றாள். மாரிவெல் கேட்கவில்லை. ஏமாறப் போகிறவர்களைக் காப்பாற்ற வேண்டும் என்ற தவிப்பெல்லாம் அவளுக்கு இல்லை. அந்த மனிதரைப் பற்றித் தான் நினைத்திருந்தது சரிதான் என்று நாலு பேர் முன்னால் தெரிய வேண்டும். அந்த ஆசையில் அந்த வாரம் முழுக்க முணுமுணுத்துப் பாடிக்கொண்டே வேலை செய்தாள்.

விருந்தன்று ஹாலில் முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். சுவரில் ஜெனரலின் இரண்டு படங்களும் பக்கத்துப் பக்கத்தில் தொங்க, அவற்றுக்குக் கீழேயே நீளமான மேஜையில் சுட்ட கோழி அடுக்கியிருந்தது. இந்த வீட்டில் வேறெப்படி இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். தாவாவோவிலிருந்து வந்திருந்த பெலிபா அப்ரேனிக்கா என்ற கால்நடை டாக்டர் அம்மாள் தட்டை வைத்துவிட்டுப் படங்களின் அருகே வந்து, இதை வரைந்தது யார் என்று விசாரித்தார். மாரிவெல் தன் பெயரைச் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"டாக்டர், குஞ்சு வாங்கறதுக்கு முன்னாடி ரெண்டு படத்துலயும் வலது காலைப் பாருங்க."

டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். திரும்பி, கை காட்டித் தலிபேயைக் கூப்பிட்டார். தலிபே கோழி எண்ணெய் பிசுபிசுக்கும் விரல்களைத் துடைத்தபடி வந்தார். கால் ஏன் வேறு வேறாக இருக்கிறது என்று டாக்டர் கேட்டார். தலிபே இரண்டு படத்தையும் முதல் தடவையாகப் பார்ப்பவர்போல் பார்த்தார். அந்தத் திருதிரு முழியைப் பார்த்ததும் மாரிவெல்லுக்குக் குரல் தானாக உயர்ந்தது.

"நான் கண்ணால பாத்ததைத்தான் வரையறவ, சார். அன்னைக்கு இருந்த சேவல் வேற. இது வேற."

மேஜைப் பக்கம் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கத்துவார், தன்னை வெளியே போகச் சொல்வார், அதை எர்மினியாவிடம் எப்படி நடித்துக் காட்டுவது என்றுகூட அவள் யோசித்து வைத்திருந்தாள். தலிபே கத்தவில்லை. செய்யாத தப்புக்கு மாட்டிக்கொண்ட சின்னப் பையன்போல் அவர் முகம் தொங்கிப்போயிற்று. எஸ்திங்கைச் சேவலோடு வரச் சொல்லி ஆளனுப்பினார்.

எஸ்திங் வந்தார். தொப்பியைக் கழற்றிவிட்டு ஜெனரலை டாக்டரிடம் நீட்டினார். டாக்டர் இறக்கையை விரித்து, அதில் மாட்டியிருந்த உலோகத் தகட்டின் எண்ணைப் படித்தார். தலிபே எடுத்துக் காட்டிய பழைய கட்டுகளின் சான்றிதழ்களிலும் அதே எண். அந்தத் தகட்டைக் கழற்றி இன்னொன்றுக்கு மாட்டியிருக்கலாமே என்று மாரிவெல் சொன்னாள். டாக்டர் தலையாட்டிவிட்டுச் சேவலின் இடது கண்ணை விளக்குப் பக்கம் திருப்பினார். மேலிமையில் பிறை வடிவில் ஒரு பழைய தழும்பு. டாக்டர் சுவரைப் பார்த்தார். இரண்டு படத்திலும் அதே இமையில் அதே பிறை. இரண்டையும் வரைந்தவள் மாரிவெல்தான். வித்தியாசம் கிடைத்த சந்தோஷத்தில் ஒற்றுமையைப் பார்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

"சேவல் ஒண்ணுதான்" என்றார் டாக்டர். "அப்ப அந்தக் கால்?"

எஸ்திங் தரையைப் பார்த்தார். தலிபே, தெரிந்தால் சொல்லப்பா என்றார்.

"படத்துல இருக்கற கால் இவனோடது இல்ல டாக்டர்" என்றார் எஸ்திங். "கபங்கலான் ஊர் வக்கீல்கிட்ட ஒரு சாம்பல் சேவல் இருந்துச்சு. அதோட கால் அது. நான் அதை ரெண்டு தடவை கையில பிடிச்சிருக்கேன்."

மாரிவெல்லுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்த முதல் தடவை எடுத்த போட்டோக்களில் ஜெனரல் புல்லுக்குள் நின்றிருந்தது, கால் தெரியவில்லை. மழைக்காலம். மறுபடி முர்சியா ரோட்டில் சேற்றை மிதித்துக்கொண்டு வர அவளுக்கு மனசில்லை. அந்த மாதமே வரைந்து முடித்த வக்கீலின் சேவல் போட்டோ மேஜையில் கிடந்தது. கோழிக் காலை யார் பார்க்கப் போகிறார்கள் என்று அதைப் பார்த்து வரைந்துவிட்டாள். அரை நாள் வேலை. அதன் பிறகு இரண்டு வருடத்தில் அதை ஒரு நிமிஷம்கூட நினைத்துப் பார்த்ததில்லை.

"தெரிஞ்சும் ஏன் அன்னைக்கே சொல்லல?" என்று கேட்டாள்.

"முதலாளி சந்தோஷமா இருந்தாரு. கழுத்தும் கண்ணும் அவனேதான். இவ்வளவு நல்லா வரைஞ்சவங்க ஏதோ அவசரத்துல இருந்திருப்பீங்கன்னு விட்டுட்டேன்."

பின்னாலிருந்து யாரோ, ஜெனரல் இவ்வளவு நாளும் வக்கீல் காலிலா நின்றார் என்று கேட்க, ஹால் முழுக்கச் சிரித்தது. அவள் காதுமடல் எரிந்தது. தலிபே மட்டும் சிரிக்கவில்லை. அவளைக் கொஞ்சம் ஓரமாகக் கூட்டிப்போய்ச் சொன்னார்:

"என்னைப் பத்தி நீ நெனச்சது தப்புன்னு சொல்ல மாட்டேன் இண்டாய். மத்த விஷயத்துல நான் அப்படிப்பட்டவன்தான். சேவல் விஷயத்துல இல்ல."

பழைய படத்தில் காலை மட்டும் அழித்துச் சரிபண்ணிக் கொடுக்கச் சொன்னார். இரண்டு வருடத்தில் பென்சில் மெழுகு தாளுக்குள்ளேயே இறங்கிவிட்டது, இனி அழியாது சார் என்றாள். அப்படியானால் முழுதாக இன்னொன்று வரை, போட்டோவெல்லாம் வேண்டாம், இங்கே வந்து சேவலைப் பார்த்து வரை, எஸ்திங் கூடவே இருப்பான் என்றார். அவள் சரி என்றாள். வேறென்ன சொல்ல முடியும்?

வீட்டில் நடந்ததைச் சொன்னதும் எர்மினியா முதலில் பரிதாபப்பட்டாள். மறுநாள் காலை அரிசி களைந்துகொண்டே, தாடையைத் தூக்கி, "நான் கண்ணால பாத்ததைத்தான் வரையறவ, சார்" என்று தங்கையைப் போலவே சொல்லிக் காட்டினாள். அசல் மாரிவெல். எர்மினியாவுக்கு இப்படி நடிக்க வரும் என்று அதுவரை யாருக்கும் தெரியாது. மாரிவெல் எழுந்து மாடிக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நாலு வாரம் தினமும் காலையில் பண்ணைக்குப் போய்வந்தாள். சேவலின் கால்களுக்கு மட்டுமே ஒன்பது நாள் பிடித்தது. தலிபேயின் மேல் அவளுக்கு ஒன்றும் மரியாதை பிறந்துவிடவில்லை. சிமெண்ட் கழுகு அதே அசிங்கத்தோடு நின்றது. அவர் தினமும் பனியனோடு வந்து, தோளுக்குப் பின்னால் நின்று மூச்சுவிட்டு, மார்பை இன்னும் கொஞ்சம் அகலமாகப் போடக் கூடாதா என்று கேட்டார். ஜெனரலையும் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒரு தடவை அது அவள் செருப்பின்மேலேயே எச்சமிட்டது. வித்தியாசம் என்னவென்றால், தான் இளக்காரமாகப் பார்க்கிறவர்களின் வரிசையில் இப்போது தானும் ஒருத்தி. அந்த இடம் வசதியாக இல்லை.

எஸ்திங் கீழே ஒரு முக்காலியில் உட்கார்ந்து, சேவலை மடியில் வைத்து, காலை நீட்டிப் பிடித்துக்கொள்வார். அவள் ஒவ்வொரு செதிலாக எண்ணி, விளிம்புக்குச் சாம்பல், நடுவில் வெளிர்மஞ்சள், இடுக்கில் கொஞ்சம் ஊதா என்று ஏற்றிக்கொண்டு போனாள். அண்ணே, கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க என்று அவ்வப்போது கேட்பாள். அவர் திருப்புவார்.

கால் வரையத் தொடங்கிய ஒன்பதாம் நாள் பென்சில் தூளைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டுப் படத்தை அவர் பக்கம் காட்டினாள். எஸ்திங் கையைச் சட்டையில் துடைத்தார். தாளைத் தொடாமல், ஒரு விரலை அதற்கு மேலாகவே ஓட்டி, மேலிருந்து கீழ்வரை செதில்களை எண்ணிக்கொண்டு போனார். அடிவரைக்கும் போய் விரல் நின்றது.

"பின்விரல் நகம் கொஞ்சம் நீளம்" என்றார். "போன வாரம் வெட்டிட்டேன்."

மாரிவெல் கத்தியை எடுத்து, நகத்தின் நுனியில் மெழுகை மயிரிழை மயிரிழையாகச் சுரண்ட ஆரம்பித்தாள்.